எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேரில் ராபர்ட் வைன்பெர்க்: புற்றுநோய், ஸ்டெம் செல் வகுப்புகள் பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்ஐடி, தன் வகுப்பறைப் பாடங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கும்படி ‘ஓப்பன் கோர்ஸ்வேர்’ என்ற இணையச் சேவையில் வைத்திருக்கிறது. அதில் 2004-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் படமாக்கப்பட்ட ‘7.012 உயிரியல் அறிமுகம்’ என்ற பாடம் 35 வகுப்புகளைக் கொண்டது. மரபணுத்தொகுதி ஆய்வாளர் எரிக் லேண்டரும் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கும் பகிர்ந்துகொண்டு நடத்தியது. முழுப் பாடத்தையும் எடைபோடுவது என் நோக்கமன்று. செல் சுழற்சி, புற்றுநோய், கட்டிகளை உண்டாக்கும் வைரஸ்கள் ஆகியவை பற்றிய 19, 20, 21-ஆம் வகுப்புகளையும், ஸ்டெம் செல், குளோனிங் பற்றிய 29, 30-ஆம் வகுப்புகளையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உடலில் ஓரிடத்தில் தோன்றிய புற்றுநோய் எப்படி வேறோர் உறுப்புக்குப் பரவுகிறது, அப்படிப் பரவும் செல்லுக்கும் ஸ்டெம் செல்லுக்கும் என்ன உறவு என்ற கேள்விகளில் முதன்மையான சில திருப்பங்கள் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில்தான் நிகழ்ந்தன. அந்த ஆய்வைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இந்த ஐந்து வகுப்புகளைவிட நல்ல தொடக்கம் இலவசமாகக் கிடைப்பது அரிது என்பது என் முடிவு. ஆனால் இது தொடக்கம் மட்டுமே; 2004-க்குப் பிறகு நடந்தவற்றைத் தேடிப் படிக்காதவர் பாதி வழியில் நின்றுவிடுவார். அந்த மீதிப் பாதியையும் சேர்த்தே இந்த மதிப்புரையில் எழுதுகிறேன்.

வைன்பெர்க் 1942-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இளங்கலையும் முனைவர் பட்டமும் எம்ஐடியிலேயே பெற்றவர். 1982-இல் உருவான ஒயிட்ஹெட் ஆய்வு நிறுவனத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏவை வளர்ப்புத் தட்டிலிருந்த எலி செல்களுக்குள் செலுத்தியபோது அவை கட்டுப்பாடின்றிப் பெருகின. அந்த டிஎன்ஏவின் எந்தத் துண்டு இதைச் செய்கிறது என்று தேடிப் போன வழியில்தான், மனிதப் புற்றுநோயைத் தூண்டும் முதல் மரபணுவான ராஸ் 1982 வாக்கில் பிடிபட்டது. அமெரிக்காவில் வேறு இரு குழுக்களும் அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. இயல்பான ராஸ் மரபணுவுக்கும் புற்று உண்டாக்கும் ராஸ் மரபணுவுக்கும் இடையே இருந்தது ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. அதன் விளைவாகப் புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அமர்கிறது. அவ்வளவுதான் மாற்றம், விளைவோ ஒரு கட்டி. 1986-இல், குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய்க்குக் காரணமான ஆர்பி மரபணுவைப் பிரித்தெடுத்ததிலும் இவருடைய ஆய்வகத்துக்குப் பங்கு உண்டு; ராஸ் தூண்டுவது, ஆர்பி தடுப்பது. 2000-ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹனஹனுடன் சேர்ந்து ‘செல்’ இதழில் எழுதிய கட்டுரையில், புற்றுநோய் செல்லுக்கு வாய்க்கும் ஆறு திறன்களை வரிசைப்படுத்தினார். சுற்றியுள்ள திசுக்களை ஊடுருவிப் பிற உறுப்புகளுக்குப் பரவும் திறன் அவற்றில் ஒன்று.

இந்தப் பின்னணியை விரித்துச் சொல்வதற்குக் காரணம், அது வகுப்புகளின் தன்மையையே தீர்மானிக்கிறது என்பதுதான். செல் சுழற்சி பற்றிய 19-ஆம் வகுப்பில் பேசப்படும் செய்திகள் எந்தப் பாடநூலிலும் உள்ளவைதாம். ஆனால் அவற்றைக் கண்டறிந்தவர்களில் ஒருவரே அவற்றைச் சொல்லும்போது, முடிவுக்கு இணையாக அந்த முடிவை நம்புவதற்கான காரணமும் வந்துவிடுகிறது. நம் கல்லூரிகளில் ராஸ், ஆர்பி ஆகியவை தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பெயர்களாகவே பல மாணவர்களுக்கு அறிமுகமாகின்றன. அவற்றின் பின்னால் யாரோ ஒருவர் எலி செல்களைத் தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வகுப்பறைக்கு வருவதே இல்லை. அந்தக் குறையை இந்த வகுப்புகள் பெருமளவு தீர்க்கின்றன. அவருடைய பேச்சு அவசரமில்லாதது. நீண்ட, இலக்கணம் பிசகாத வாக்கியங்களில் பேசுவார். நடுவே வரலாற்றுக்குள் சென்று நிதானமாகத் திரும்புவார். தேர்வுக்குக் குறிப்பெடுக்க வருபவருக்கு அது சுற்றுவழியாகத் தோன்றலாம். எனக்கு அந்தப் பகுதிகளே மிகவும் பிடித்தவை.

எம்ஐடியில் எந்தத் துறையில் இளங்கலை படிப்பவரும் உயிரியல் அறிமுகப் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்பதால், எதிரே அமர்ந்திருப்பவர்களில் பொறியியல், கணிதம், இயற்பியல் மாணவர்களும் இருப்பார்கள். எனவே உயிரியல் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாமல் பாடம் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலைக் கவனமாகப் படித்த ஒருவர், முதல் சில வகுப்புகளையும் பார்த்துவிட்டு வந்தால், இந்த ஐந்தையும் சிரமமின்றிப் பின்தொடரலாம்.

ஸ்டெம் செல் பற்றிய இரு வகுப்புகளை ஒரே தரத்தில் வைக்க முடியவில்லை. உடலின் திசுக்கள் தம்மைத் தாமே எப்படிப் புதுப்பித்துக்கொள்கின்றன என்ற அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றே. ஸ்டெம் செல் பிரியும்போது ஒரு சேய் செல் ஸ்டெம் செல்லாகவே தங்கும்; மற்றது சிலமுறை விரைந்து பெருகி, பிறகு குறிப்பிட்ட வேலைக்கான செல்லாக முதிர்ந்து, ஒரு கட்டத்தில் உதிர்ந்துவிடும். குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை இப்படித்தான் முழுவதும் புதிதாகிறது. இரத்த செல்கள் அனைத்தும் எலும்பு மஜ்ஜையில் உள்ள மிகச் சில ஸ்டெம் செல்களின் வழித்தோன்றல்கள். புற்றுநோயைப் புரிந்துகொள்ள நமக்கு வேண்டிய பகுதி இதுதான். குளோனிங்கும் கருநிலை ஸ்டெம் செல்லும் சார்ந்த பகுதியை மட்டும் காலத்தை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1996-இல் குளோனிங் முறையில் பிறந்த டாலி செம்மறியாடு, 1998-இல் மனிதக் கருவிலிருந்து முதன்முறையாக வளர்க்கப்பட்ட ஸ்டெம் செல்கள், அந்த ஆய்வுக்கான அரசு நிதிக்கு 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ் விதித்த வரம்பு ஆகியவற்றைச் சுற்றி விவாதம் சூடாக இருந்த காலம் அது. முதிர்ந்த செல்லையே கருநிலை ஸ்டெம் செல்லைப் போன்ற நிலைக்குத் திருப்பலாம் என்று ஷின்யா யமனாகா காட்டியது 2006-இல்தான். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு விவாதத்தின் போக்கே மாறிவிட்டது. இந்தக் காணொளிகளில் அது இருக்க வழியில்லை.

இனி முதன்மையான குறைக்கு வருகிறேன். 20-ஆம் வகுப்பு புற்றுநோயைப் பேசுகிறது, 29-ஆம் வகுப்பு ஸ்டெம் செல்லைப் பேசுகிறது; இரண்டையும் இணைக்கும் கோடு, அதாவது புற்றுப் பரவலின் வழிமுறையே ஸ்டெம் செல் தன்மையைக் கொண்டுவரக்கூடும் என்ற கருத்து, அப்போது வெளிவரவில்லை. வகுப்பு நடந்த நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதை எழுதியது அதே ஆசிரியரின் ஆய்வகம்தான். எனவே இது ஆசிரியரின் மீதான குற்றச்சாட்டு ஆகாது. என்றாலும், பாடம் இன்றும் மாற்றமின்றிக் கிடைக்கிறது என்பதால், பார்ப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

புற்றுநோயால் ஏற்படும் மரணங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு முதலில் தோன்றிய கட்டி காரணமன்று, அது பிற உறுப்புகளுக்குப் பரவியதே காரணம் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆயினும் பரவுவது எளிதான காரியமன்று. செல் தன் அண்டை செல்களிடமிருந்து பிரிய வேண்டும், அவற்றுக்கு அடியில் தடுப்பாக இருக்கும் அடித்தளச் சவ்வைத் துளைக்க வேண்டும், இரத்தக் குழாய்க்குள் நுழைந்து அங்கே சாகாமல் தப்ப வேண்டும், வேறோர் உறுப்பில் வெளியேறி, பழக்கமில்லாத அந்தச் சூழலில் மீண்டும் பெருகத் தொடங்க வேண்டும். இரத்தத்துக்குள் நுழையும் புற்றுநோய் செல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில் மடிந்துபோகின்றன. 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளை ஆராய்ந்து, பரவல் தற்செயலாக நடப்பதில்லை, விதைக்கு ஏற்ற மண் இருக்கும் உறுப்பில்தான் அது முளைக்கிறது என்று எழுதினார். மண் எது என்று அதன் பிறகு பலரும் தேடினார்கள். விதைக்கு அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்பதே வைன்பெர்க்கின் கேள்வி.

அதற்கான முதல் விடை, இந்தப் பாடம் படமாக்கப்பட்ட அதே 2004-இல் ‘செல்’ இதழில் வந்தது. ஜிங் யாங் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரைக்கு அடிப்படை, ஒரே எலியின் மார்பகக் கட்டியிலிருந்து பெறப்பட்ட நான்கு வகைச் செல்கள். ஒரு வகை, கட்டி உண்டாக்கும், ஆனால் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, நிணநீர் முடிச்சு வரை செல்லும். மூன்றாவது, நுரையீரலை எட்டும், ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரியும் கட்டியாக வளராது. நான்காவது, நுரையீரலில் முழுக் கட்டிகளை உண்டாக்கும். தொடக்கக் கட்டி நான்கிலும் உண்டு, வேறுபாடு எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதில் மட்டும். இவற்றின் மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டபோது தனித்துத் தெரிந்தவற்றுள் ஒன்று, ‘ட்விஸ்ட்’ என்ற மரபணு. நான்காவது வகைச் செல்களில் அதை அடக்கியபோது தொடக்கக் கட்டி வழக்கம்போல வளர்ந்தது, நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் வெகுவாகக் குறைந்தது.

இந்த ட்விஸ்ட் புற்றுநோய் ஆய்வாளர்கள் கண்டறிந்த மரபணு அன்று. பழ ஈயின் கரு உருவாகும்போது செல்கள் உள்ளே இடம்பெயர்ந்து நடு அடுக்கு அமைவதற்கு அது தேவை என்பது முன்பே தெரிந்திருந்தது. கருவளர்ச்சியில், ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் எபிதீலிய செல்கள், அந்தப் பிணைப்பை விட்டு, நீண்ட வடிவம் பெற்று, நகரத் தொடங்கும் மாற்றத்தை எலிசபெத் ஹே கோழிக் கருவில் பார்த்து 1960-களிலேயே விவரித்திருந்தார். எபிதீலிய–மீசன்கைம் மாற்றம் என்று அதற்குப் பெயர். கருவில் நமக்கு உடல் வடிவம் தந்த அதே செயல்முறையைப் புற்றுநோய் செல் மீண்டும் இயக்கிக்கொள்கிறது என்ற எண்ணம் என்னை இன்றும் நிறுத்தி யோசிக்கவைக்கிறது. புற்றுநோய் செல் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் மரபணுத்தொகுதியில் ஏற்கெனவே இருப்பதைத் தவறான காலத்தில் எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

2008-இல் செந்துறை மணி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை அடுத்த படியை எடுத்தது. இயல்பான மனித மார்பக எபிதீலிய செல்களுக்கு, நீண்ட காலம் பெருகும் திறனை மட்டும் அளித்து வளர்ப்பில் வைத்திருந்தார்கள். அவற்றில் ட்விஸ்ட் அல்லது ஸ்நெய்ல் என்ற மரபணுவை இயக்கி எபிதீலிய–மீசன்கைம் மாற்றத்தைத் தூண்டினார்கள். செல்களைப் பிணைக்கும் ஈ-கட்ஹெரின் புரதம் மறைந்தது, செல்கள் நூற்கதிர் வடிவம் பெற்றன, இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அவற்றின் மேற்பரப்பில் சிடி44 என்ற புரதம் மிகுந்தும் சிடி24 குறைந்தும் காணப்பட்டது. மைக்கேல் கிளார்க்கின் குழு 2003-இல் மார்பகப் புற்றுநோயின் ஸ்டெம் செல்களைப் பிரித்தறியப் பயன்படுத்திய அடையாளம் இதுவே. அந்த அடையாளம் கொண்ட சில நூறு செல்களே எலியில் கட்டியை உண்டாக்கப் போதுமாக இருந்தன, அது இல்லாத செல்கள் பல்லாயிரம் செலுத்தியும் கட்டி வரவில்லை. மணியின் சோதனையில் மாறிய செல்கள், தரையில் ஒட்டாமல் மிதந்து வளரும் கோளத் திரள்களை மற்றவற்றைவிடப் பன்மடங்கு அதிகமாக உண்டாக்கின; அது ஸ்டெம் செல்லின் இயல்பு. ஆக, நகரும் திறனைப் பெறும் செல், போய்ச் சேரும் இடத்தில் மீண்டும் ஒரு முழுக் கட்டியை உருவாக்கும் திறனையும் சேர்த்தே பெறக்கூடும். முதிர்ந்த செல் ஸ்டெம் செல் நிலைக்குத் திரும்புவதில்லை என்ற பழைய எண்ணத்தோடு 29-ஆம் வகுப்பைப் பார்த்தவர், அதை இந்தக் கட்டுரையோடு சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும்.

2009-இல் வெளிவந்த மூன்றாவது கட்டுரையைக் குறிப்பிட இந்தப் பாடத்தோடு தொடர்புடைய ஒரு காரணமும் உண்டு: பாடத்தை நடத்திய வைன்பெர்க், லேண்டர் இருவருடைய பெயர்களும் அதில் ஆசிரியர்களாக உள்ளன. பியூஷ் குப்தா முதல் ஆசிரியர். புற்றுநோய் ஸ்டெம் செல்களைத் தனியே நிலையாக வளர்ப்பது கடினம் என்பதால், ஈ-கட்ஹெரினைக் குறைத்து அந்த நிலையில் நிறுத்திவைத்த செல்களின் மீது ஏறத்தாழ 16,000 வேதிப்பொருட்களைச் சோதித்தார்கள். அந்தச் செல்களைக் குறிப்பாகத் தாக்கியவை 32 மட்டுமே. அவற்றில் முன்னணியில் நின்ற சாலினோமைசின், வழக்கமான கீமோதெரபி மருந்தான பேக்ளிடாக்சலோடு ஒப்பிட, ஸ்டெம் செல்களின் விகிதத்தை நூறு மடங்குக்கு மேல் குறைத்தது. பேக்ளிடாக்சல் மற்ற செல்களைக் கொன்று ஸ்டெம் செல்களை விட்டுவைப்பதால், மிஞ்சியவற்றில் அவற்றின் பங்கு கூடுகிறது. கட்டி சுருங்கியும் நோய் திரும்புவது ஏன் என்ற கேள்விக்கு இது தரும் விளக்கம் முக்கியமானது. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம்: சாலினோமைசின் கோழித்தீவனத்தில் ஒட்டுண்ணி நோய்க்கு எதிராகச் சேர்க்கப்படும் பொருள், மனிதருக்கு நஞ்சாகக்கூடியது, மருந்துக்கடையில் வாங்கக்கூடிய புற்றுநோய் மருந்து அன்று. பரவலாகப் பகிரப்படும் உடல்நலத் துணுக்குகளில் இதுபோன்ற ஆய்வக முடிவுகள் மருந்தாக மாறிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கருத்துகளுக்கு மறுப்புகள் உண்டு, அவற்றையும் படிக்காமல் இருக்கக் கூடாது. நோய் எதிர்ப்பு மேலும் குறைந்த எலிகளைப் பயன்படுத்திய ஷான் மாரிசனின் குழு, மெலனோமா என்ற மனிதத் தோல் புற்றுநோயில் சோதித்த செல்களில் நான்கில் ஒரு பங்கு வரை தனியாகவே கட்டி உண்டாக்க வல்லவை என்று 2008-இல் காட்டியது; ஸ்டெம் செல்கள் எப்போதும் அரிதானவை என்ற எண்ணம், குறைந்தது அந்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஆட்டம் கண்டது. 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரு கட்டுரைகள், எலிகளில் எபிதீலிய–மீசன்கைம் மாற்றம் இல்லாமலும் பரவல் நிகழ்கிறது என்றும், அந்த மாற்றத்தின் பங்கு கீமோதெரபியை எதிர்த்து நிற்பதிலேயே தெளிவாகத் தெரிகிறது என்றும் வாதிட்டன. மாற்றம் முழுமையாக நடக்க வேண்டியதில்லை, இடைநிலையில் நிற்கும் செல்களே ஆபத்தானவை என்பது மறுதரப்பின் விடை. மேலும், மார்பகப் புற்றுப் பரவலை ஒரு மைக்ரோ ஆர்என்ஏ, அதாவது மரபணுக்களின் செயலை அடக்கும் சிறு மூலக்கூறு, தடுக்கிறது என்று வைன்பெர்க்கின் ஆய்வகம் 2009-இல் ‘செல்’ இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரை 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. நான் மேலே விவரித்த மூன்று கட்டுரைகளும் அதிலிருந்து வேறானவை. எனினும் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்ததா என்று கேட்டே ஏற்க வேண்டும்.

சேவையின் நடைமுறை பற்றிச் சில குறிப்புகள். பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ 50 நிமிடம். படத்தின் தரம் 2004-க்குரியது. கைப்பேசித் திரையில் படங்களின் சிறிய எழுத்துகளைப் படிக்க முடியாது, கணினியிலும் சில இடங்களில் ஊகித்துத்தான் அறிய வேண்டும். மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பல இடங்களில் காதில் விழுவதில்லை. பேச்சின் ஆங்கில எழுத்து வடிவமும் சேர்த்தே தரப்படுவதால், தமிழ்வழியில் படித்தவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டுக் காணொளிக்கு வருவது நல்லது. ஆசிரியரின் நீண்ட வாக்கியங்கள் அப்போது தொல்லை தருவதில்லை. பயிற்சிக் கணக்குகளும் தேர்வுத்தாள்களும் விடைகளோடு இருக்கின்றன. இவற்றைத் தவிர்ப்பவர் பாடத்தின் பெரும்பயனை இழக்கிறார் என்றே சொல்வேன், ஏனெனில் அவை மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை; ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, அதிலிருந்து என்ன சொல்லலாம் என்று கேட்கின்றன.

சிகிச்சை பற்றிய முடிவுக்காக வரும் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் இந்தப் பாடம் உதவாது. அவர்கள் கேட்க வேண்டியது தங்கள் மருத்துவரை. உயிரியல் ஆசிரியர்களுக்கும், முதுகலை மாணவர்களுக்கும், அறிவியல் எழுதுவோருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 19, 20, 29 ஆகிய மூன்றையும் முதலில் பார்த்து, பிறகு 2004, 2008, 2009 கட்டுரைகளையும், அவற்றோடு 2015-இன் மறுப்புகளையும் படிப்பது சிறந்த வரிசை. 21, 30-ஆம் வகுப்புகளைப் பின்னர் பார்க்கலாம். பாடப்பொருட்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் வெளியிடும் வரை, தமிழில் துணைத்தலைப்பு சேர்க்கவும் பேச்சின் எழுத்து வடிவத்தை மொழிபெயர்க்கவும் யாருக்கும் அனுமதி உண்டு. ஒரு கல்லூரியின் உயிரியல் துறை மனம் வைத்தால், இந்த ஐந்து வகுப்புகளுக்கும் ஒரு பருவத்துக்குள் தமிழ்த் துணைத்தலைப்பு செய்துவிட முடியும்.